ஏறாத கலப்பை

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அது வேகும்வரை சும்மா நிற்க என்னால் ஆகாது. பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். "ஏட்டி, நீ எட்டிப் பாத்தா சீக்கிரம் வெந்துருமாக்கும்?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு நேர் எதிர். பக்கத்தில் இடி விழுந்தாலும், எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். இப்படி இரண்டு பேர் இருந்த வீட்டுக்கு ஐம்பத்துநாலிலோ ஐம்பத்தைந்திலோ ஒரு பழைய டிராக்டர் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவரச் செய்தது நான்தான். அதற்கு முந்தைய கும்பப்பூ போகத்து உழவின்போது அவருக்கு இளைப்பு கண்டிருந்தது. தொளியில், முழங்கால் அளவுச் சேற்றில், ஏரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் பாதி வயலில் நின்றுவிடுவார். மூச்சு வாங்குவது வரப்பில் நிற்கிற எனக்குக் கேட்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார். ஈரம் ஆகாது, சேற்றில் இறங்கக் கூடாது, ஏர் பிடிக்கவே கூடாது. "பிடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அடுத்த தடவை நீங்க தூக்கிட்டு வரணும்" என்றார்.

எங்கள் வயலோ பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த வயல். நிலத்துக்காரர் திருவனந்தபுரத்தில் இருந்தார். அவருடைய காரியஸ்தர்தான் எங்களுக்கு எல்லாம். ஏர் பிடிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு யார் பாட்டம் கொடுப்பார்கள்? வயல் போனால் சோறு போச்சு. அந்தச் சமயத்தில்தான் குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்புகிறார், பழைய டிராக்டரை விற்கிறார்கள் என்று காதில் விழுந்தது. உட்கார்ந்துகொண்டே உழலாம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்கு உறக்கம் போய்விட்டது. இரண்டு சோடிக் காளைகளையும் விற்றோம். சந்தைக்காரன் அவற்றை ஓட்டிக்கொண்டு போனபோது அவர் வெளியே வரவில்லை. காலியான தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழுவத்திலேயே டிராக்டர் வந்து நின்றது. சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் துருத்திய விளக்கு, பெரிய பின்சக்கரம். கலப்பை அதன் பின்னால் இரண்டு இரும்புக் கைகளில் தொங்கியது. இருக்கைக்கு அருகே ஒரு சின்ன நெம்புகோல். அதை மேலே தள்ளினால் கலப்பை தானாக மண்ணை விட்டு எழும்பும், கீழே தள்ளினால் இறங்கும். எஸ்டேட்டில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பின்பாகத்தின் வயிற்றுக்குள் எண்ணெய் நிற்கிறது, அதில் ஒரு பம்பு முங்கிக் கிடக்கிறது, பம்பு எண்ணெயைத் தள்ள, எண்ணெய் கலப்பையைத் தூக்குகிறது. இதை எனக்கு விளக்க அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

கலப்பை எழும்பாவிட்டால் எங்கள் வயலில் டிராக்டரால் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கள் பக்கத்தில் வயல் எல்லாம் துண்டு துண்டு. உழத் தொடங்குவதற்குள் வரப்பு வந்துவிடும். ஒவ்வொரு வரப்பிலும் கலப்பையைத் தூக்கி, திருப்பி, மறுபடியும் இறக்க வேண்டும். தூக்காமல் திரும்பினால் வரப்பும் போகும், கலப்பையும் போகும்.

கன்னிப்பூ போகத்துக்கு நாங்கள் பொடிவிதைதான் விதைப்போம். சித்திரைக் கோடையில் காய்ந்த மண்ணைப் பொடியாக உழுது வித்தைத் தூவிவிட வேண்டும். பிறகு வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்து முளைக்க வைக்கும், பேச்சிப்பாறையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்து வளர்க்கும். மழை முந்திவிட்டால் மண் சேறாகிவிடும், பொடிவிதை நடக்காது. நாற்றுப் பாவி வைத்திருந்தால் நடலாம். எங்களிடம் நாற்றும் இல்லை, சேற்றில் இறங்க ஆளும் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள் கலப்பை சொன்னபடி கேட்டது. ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் என்னவோ நானே பெற்ற பிள்ளை போலத் தலை நிமிர்ந்து நின்றேன். கண் பட்டுவிட்டதோ என்னவோ, அடுத்த நாள் காலையில் நெம்புகோலைத் தள்ளினால் கலப்பை அசையவே இல்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டபிறகு விக்கி விக்கி எழும்பிற்று. பாதியில் நின்று, தானாகவே மண்ணில் பொத்தென்று விழுந்தது. வரப்பு ஒன்று இடிந்தது.

வேலைக்கு வந்த பெண்களும் நானும் உலக்கையையும் மூங்கில் கம்பையும் கலப்பைக்கு அடியில் கொடுத்து, ஒவ்வொரு வரப்பிலும் தூக்கிப் பிடித்தோம். அவர் வண்டியைத் திருப்புவார், நாங்கள் விடுவோம். "மாட்டை வித்து எங்களைப் பூட்டியாச்சு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பம்பை ஓட்டுகிற பெரிய நெம்புகோல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், விழுந்திருந்தது. வெளியே எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. அப்புறம் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எண்ணெய் கொறையல்ல, கேட்டியா. கூடித்தான் இருக்கு."

"கூடுனா நல்லதுதானே?" என்றேன்.

"நான் ஊத்தாம எப்படிக் கூடும்?" என்று அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. மேற்கே மலை உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. கழுவவும் வடிக்கவும் கைக்கு வேலை இருந்தும் நான் வாசலுக்கும் தொழுவத்துக்கும் அலைந்துகொண்டே இருந்தேன்.

அன்றைக்கென்று பார்த்துக் காரியஸ்தர் வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இடவப்பாதிக்கு முன்ன வித்து மண்ணுல விழணும். இல்லேன்னா எனக்கு வேற வழி இல்ல. ரெண்டு சோடி மாடு உள்ளவன் ஒருத்தன் காத்துட்டு நிக்கான்."

"விழும்" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான். நானாக இருந்தால் காரியஸ்தரைக் குடையோடு சேர்த்து ஏசியிருப்பேன். அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் சுவரில் சாத்தியிருந்த பழைய ஏரை எடுத்துத் தூசி தட்டினார். "இரவலுக்கு ஒரு சோடி மாடு கெடைச்சா நானே உழுதுருவேன்" என்றார். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. நான் அந்த ஏரைப் பிடுங்கி விறகுப் புரையில் கொண்டு போட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

மறுநாள் டிராக்டருக்கு அடியில் இருந்த திருகாணியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். சட்டியில் விழுந்தது எண்ணெய் மாதிரியே இல்லை. கடைந்த மோர் மாதிரி வெளுத்து, நுரைத்து இருந்தது. பால்வியாபாரி வீட்டுக்கு எதிரில் வளர்ந்தவள் நான். பார்த்தவுடனே விஷயம் பிடிபட்டுவிட்டதாக எண்ணினேன். எஸ்டேட்காரன்கள் ஏமாற்றிவிட்டார்கள், பழைய கெட்டுப்போன எண்ணெயோடு தலையில் கட்டிவிட்டார்கள். கோட்டாற்றில் ஒரு சாயிபு கடையிலிருந்து புது எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினோம். கலப்பை சடசடவென்று எழும்பிற்று. அன்று முழுக்க உழவு நடந்தது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அடுத்த நாளும் பாதி ஓடியது. அதற்கு அடுத்த நாள் காலையில் மறுபடியும் பழைய கதை. கம்பியை உருவினால் அதே மோர்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. அப்படியானால் கடைக்காரர்தான் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறார். அந்த வெள்ளை எண்ணெயை ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு கோட்டாற்றுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். கடையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

கடைக்காரர் வெண்தாடிக்காரர். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மூச்சு முட்டியபிறகு சொன்னார்.

"பாலுல தண்ணி ஊத்தலாம் தாயி, தெரியாது. எண்ணெயில ஊத்துனா அது ஒளிஞ்சுக்க எடம் ஏது?"

அதே டின்னிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் எண்ணெய் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. என் குப்பியை வாங்கிப் பலகையில் அசையாமல் வைத்தார். "அவசரப்படாத. ஒரு சோடா குடி. இதும் கொஞ்சம் இருக்கட்டும்."

சோடாவைக் குடித்தேன். உட்காரச் சொன்ன ஸ்டூலில் உட்கார முடியவில்லை. தெருமுனைவரை நடந்து திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். பஸ்ஸுக்கு நேரமானபோது குப்பியின் அடியில் விரல்கடை அளவுக்குத் தண்ணீர் பிரிந்து நின்றது. மேலே மோர், அடியில் தண்ணீர்.

"இது என் கடைத் தண்ணி இல்ல, உன் ஊருத் தண்ணி" என்றார் அவர். "எங்கயோ ஓட்டை வழியாப் போகுது. எங்கன்னு வீட்டுல போய்த் தேடு. எஸ்டேட் லாரி இங்க சாமான் எடுக்க வரும். அந்த வண்டியைப் பாத்துட்டிருந்த பிட்டரை வரச் சொல்லி விடுதேன்." காலையில் சண்டைக்கு வந்தவளுக்குப் புது எண்ணெயையும் கொடுத்துவிட்டார். நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சோடா நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

சொன்னபடி பிட்டர் வந்தார். காக்கி நிக்கர், தலையில் வழிகிற எண்ணெய், வாயைத் திறந்தால் துரை. "துரை இருந்தப்போ இது ஒரு தும்மல்கூடப் போட்டதில்லக்கா" என்றுதான் உள்ளேயே நுழைந்தார். டிராக்டரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, "பம்பு போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பம்பு போனால் அது எந்த ஊரிலிருந்து கப்பலில் வருமோ. அரை நாள் மெனக்கெட்டுப் பம்பைக் கழற்றிச் சாக்கில் பரப்பினார். அதில் ஒரு கோளாறும் இல்லை. "நல்ல பம்பாக்கும், துரை வாங்கினதில்லா" என்று அதற்கும் அவரே பெருமைப்பட்டார். அப்புறம்தான் எண்ணெயைத் திறந்துவிடுகிற வால்வைப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது.

"உள்ள வெள்ளம் போயிருக்குக்கா" என்றார். மேற்கே அவர்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். "மழையில நின்னுதா?"

"மழை எங்க பெய்தது?" என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இல்ல" என்றார் இவர்.

"கால்வாயில எறங்குச்சா?"

"இல்ல. கால்வாயில தண்ணி விடல."

"எண்ணெயில வெள்ளம் கெடந்திருக்குமோ?"

"இல்ல. இவ போய்ப் பாத்துட்டு வந்தா."

பிட்டர் அளவுக்கம்பி இருக்கிற துளையைப் பார்த்தார், மேல் மூடியைத் தடவினார், தலையைச் சொறிந்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் சத்தியமாகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் பின்சக்கரத்தின் நடுவில், அச்சுக் குடத்துக்கும் மேலே, ஏதோ பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருப்பதைக் கண்டேன். சுரண்டி மோந்து பார்த்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவர் தோளில் கிடக்கிற துவர்த்துத் துண்டிலும் அதே வாசனை அடித்தது. கிணற்றடியில் கால் கழுவி வருகிறார் என்று விட்டிருந்தேன்.

"இது நம்ம குளத்துப் பாசில்லா?"

"ஆமா" என்றார்.

"இங்க எப்படி வந்துது?"

"மேலு கழுவி விடும்போது ஒட்டியிருக்கும்."

"யாருக்கு மேலு கழுவி?"

"வண்டிக்குத்தான்."

பிட்டர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். வேலைக்கு வந்த பெண்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்த வயல்வெளியில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? உழவு முடிந்தால் சாயங்காலம் குளத்து மாட்டுத்துறையில் இறக்கி, வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளிப்பாட்டித்தானே எல்லாரும் வீட்டுக்கு ஓட்டிவருவார்கள்.

"எஞ்சின்ல வெள்ளம் படக்கூடாதுன்னு துரை படிச்சுப் படிச்சுச் சொன்னாரேண்ணே" என்றார் பிட்டர், அழுகிற குரலில்.

"படல்ல. முன்பக்கம் நனையக்கூடாதுன்னு எஸ்டேட்ல சொன்னாவ. அதான் பின்னால எடுத்து எறக்குவேன். பின்பக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"எதுவரைக்கும் எறக்குனிய?"

"வயிறு நனையணும்லா. நாள் பூரா வேல செஞ்ச ஜீவன்."

பிட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இங்கிலீஷ் பொஸ்தகத்துல இந்த ரோகம் எழுதலக்கா" என்றார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு டிராக்டரெல்லாம் மறந்தே போய்விட்டது.

"வண்டி வயிறுவரைக்கும் எறங்குச்சு. நீங்க எதுவரைக்கும் எறங்குனிய?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் நின்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஈரம் ஆகாத அந்த நெஞ்சைக் காப்பாற்றத்தான் நான் காளைகளை விற்றேன். அந்த நெஞ்சளவுத் தண்ணீரில் தினமும் அந்தியில் நின்று இரும்பைத் தேய்த்திருக்கிறார். எத்தனை பேர் முன்னிலையில் என்று பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். "செத்துப் போறதுக்கு ஏரைப் பிடிச்சே செத்திருக்கலாமே, எதுக்கு இந்தச் சவத்தை வாங்குனோம்" என்றேன். அவர் துவர்த்தை எடுத்து நீட்டினார். பாசி வாசனை அடிக்கிற அதே துவர்த்து. வாங்கித் தூர எறிந்தேன்.

அதன்பிறகு வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது. எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெய் விட்டு அலசி, அதையும் வடித்தார்கள். வால்வைத் தேய்த்துத் தேய்த்து, விட்டால் தன் கனத்திலேயே வழுக்கி இறங்குகிற பதத்துக்குக் கொண்டுவந்தார் பிட்டர். எல்லா மூடியையும் திறந்து வெயிலில் காயவிட்டோம். அன்று வெயில் இருந்ததே பெரிது, காற்று திரும்பியிருந்தது. பிறகு புது எண்ணெய். அவர் ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினார். கலப்பை ஒரே மூச்சில் எழும்பிற்று. எஞ்சினை நிறுத்தினார். எல்லாரும் கலப்பையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது இறங்கவே இல்லை. பிட்டர் சாப்பிட்டுக் கை கழுவி, துரையைப் பற்றி இன்னும் ஒரு கதை சொல்லி முடித்தபிறகும் அப்படியே நின்றது.

மேகம் மலையை விட்டு இறங்கி எங்கள் பக்கம் வருவதும் அவர் உழுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. அவர் என்ன வேகத்தில் போவாரோ அந்த வேகத்தில்தான் போனார். "கொஞ்சம் வெரசாப் போகப்படாதா?" என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டு வித்தைத் தூவினேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கடைசி வயலின் கடைசி மூலையில் காரியஸ்தர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். மண்ணை ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "அடுத்த பூவுக்கும் இந்தச் சாதனம்தானா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் இவர். "செரி, செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் வரப்பில் ஏறி நடந்தார். மாடு உள்ளவனைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

வீடு வந்து சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. கறுத்துவிட்ட அந்தியில் ஓட்டில் மழை கொட்டியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூட்டில்தான் அவரைக் காணோம் என்று தெரிந்தது. எழுந்து ஓடினேன்.

தொழுவத்தில் நின்றார். நனையவில்லை. டிராக்டர் தலை முதல் சக்கரம் வரை செம்மண் தூசியோடு நின்றது. அவர் ஒரு வைக்கோல் பிரியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, அதையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கவும் இல்லை, பிரியைக் கீழே போடவும் இல்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"தண்ணி இல்லாம, சும்மா ஒண்ணு தேய்ச்சு விடலாம்லா?" என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. இழுப்பு இல்லாமல் சாதாரணமாக வந்துகொண்டிருந்தது. பிரியை வாங்கி அவரைக் கல்லில் உட்கார வைத்தேன். "தூசி நெஞ்சுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு நானே தேய்க்க ஆரம்பித்தேன். சக்கரம், இருக்கை, முன்மூடி எல்லாம் தேய்த்தேன். எனக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. முடிந்தது என்று பிரியைப் போடப் போனேன்.

"காதுக்குப் பொறத்தால விட்டுட்டியே" என்றார்.

அதற்கு ஏது காது? நான் ஒன்றும் கேட்கவில்லை. விளக்குக்குப் பின்னால் கையை விட்டுத் தேய்த்தேன்.